‘கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை சார்’: அரிய சிறுநீரகத் தொற்றுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வாரங்களுக்கு முன் ரவுண்ட்ஸில் ஒரு இளம் மருத்துவர் கேஸ் ஷீட்டை வாசித்துக்கொண்டிருந்தார். பதினோரு மாதத்தில் நான்கு முறை சிறுநீர்த் தொற்று. நான்கு முறையும் ஆன்டிபயாடிக். ஒவ்வொரு முறையும் சிறுநீரில் சீழ்ச்செல்கள் முப்பது, நாற்பது. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் நான்கு முறையும் ‘வளர்ச்சி இல்லை’. இதையெல்லாம் ஒரே மூச்சில் படித்துவிட்டு, “கல்ச்சர் நெகட்டிவ் சார், ஐந்தாவதாக வேறு ஆன்டிபயாடிக் தொடங்கலாமா?” என்று கேட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே வாக்கியத்தை, இதே வேகத்தில், நானும் படித்திருக்கிறேன். அதற்கு ஒரு பெண் தன் சிறுநீரகத்தையே விலையாகக் கொடுத்தார். அன்று மாலை உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் இது.

சிறுநீரைச் சுத்தமாகப் பிடிப்பது, தொந்தரவே இல்லாதவருக்குக் கல்ச்சரில் கிருமி வளர்ந்தது என்பதற்காக மட்டும் மருந்து கொடுக்காமல் இருப்பது, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினினுக்கு ஏற்ப டோஸைக் குறைப்பது ஆகியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் மாதத்திலேயே பழகிவிடும். பத்து வருடம் வேலை பார்த்தவர்களும் தடுக்கி விழுகிற இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சீழ் இருக்கிறது, கிருமி இல்லை என்றால் ஆன்டிபயாடிக்கை மாற்றுவது

வழக்கமான சிறுநீர்க் கல்ச்சர் என்ன செய்கிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். துளி சிறுநீரைத் தட்டில் தடவி, ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைக்கிறார்கள். ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். மறுநாள் காலை தட்டு நிறைந்துவிடும். காசநோய்க் கிருமி ஒரு முறை இரட்டிக்கவே பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். அதைக் கண்ணால் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவும் அதற்கென்றே உள்ள ஊடகத்தில். ஆகவே ‘வளர்ச்சி இல்லை’ என்ற ரிப்போர்ட் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வேகமாக வளர்கிற வழக்கமான கிருமிகள் இந்தத் தட்டில் வளரவில்லை. அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. நாமாகத்தான் அதைத் ‘தொற்று இல்லை’ என்றோ, ‘முந்தின மருந்து கேட்டுவிட்டது’ என்றோ படித்துக்கொள்கிறோம்.

நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. காய்ச்சல் கிடையாது, எடை குறையவில்லை, இருமல் இல்லை, மார்பு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், இரவில் தூக்கம் இல்லை, அவ்வளவுதான். ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், இரவில் எத்தனை மணிக்கெல்லாம் எழுந்தார் என்று பென்சிலால் குறித்துக் கொண்டுவந்திருந்தார். ஒரே இரவில் பன்னிரண்டு நேரங்கள். அந்தத் தாளை நான் பார்த்தேன், “சரிம்மா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இரவில் பன்னிரண்டு முறை எழ வேண்டும் என்றால் அந்தச் சிறுநீர்ப்பை எவ்வளவு சுருங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குயினலோன் வகை ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றை எழுதினேன்.

பத்து நாளில், “நன்றாக இருக்கிறது டாக்டர்” என்று வந்தார். குயினலோன்கள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அடக்குமே தவிர, தனியாகக் கொடுத்தால் குணப்படுத்தாது. கிருமி பின்வாங்கும், தொந்தரவு குறையும், கிருமியைத் தேடும் பரிசோதனைகளும் பொய்யாக நெகட்டிவ் ஆகும், சில வாரத்தில் எல்லாம் திரும்பி வரும். இடையில் மருந்துக்கு எதிர்ப்பும் வளரக்கூடும். ‘மருந்து கேட்டது, ஆகவே சாதாரணத் தொற்றுதான்’ என்று நான் போட்ட கணக்கு இப்படித்தான் தப்பாகப் போனது. அவர் மூன்றாவது முறை வந்தபோது எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகம் முழுக்கச் சுண்ணாம்பு படிந்து, வேலை நின்று, வெறும் ஓடாக இருந்தது.

இந்தக் கிருமி சிறுநீரகத்துக்கு வருவது ரத்தம் வழியாக. நுரையீரலில் முதல் தொற்று ஏற்பட்ட காலத்திலேயே வந்து, சிறுநீரகத்தின் வெளிப்பட்டையில் சின்னச் சின்னக் கட்டிகளாக வருடக்கணக்கில் தூங்கும். ஒருநாள் அது உடைந்து நுண்குழாய்களுக்குள் இறங்கி, முனைகளை அரித்து, சிறுநீர் சேரும் கிண்ணங்களைக் கோணலாக்கி, கீழே சிறுநீர்க்குழாயையும் சிறுநீர்ப்பையையும் தழும்பாக்கிவிடும். காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் வர வேண்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் வராது. நுரையீரலில் அடையாளமே இல்லாமலும் இருக்கும்.

இன்றைக்கும் என்னை உறுத்துவது ஆனால் இதற்கு அடுத்த கட்டம். நோயைக் கண்டுபிடித்துவிட்டோம், கூட்டு மருந்து தொடங்கியாயிற்று, அவருக்குப் பசி எடுத்தது, முகம் தெளிந்தது. எங்களுக்கெல்லாம் நிம்மதி. “இரண்டு மாதம் கழித்து வாங்க” என்று அனுப்பினோம். ஒருநாள் வாந்தியோடு வந்தார். நாங்கள் அனுப்பும்போது 1.1 இருந்த கிரியாட்டினின் 4-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையால் ஈரல் கெட்டுவிட்டதோ, சிறுநீரகம் மருந்துக்கு ஒவ்வாமை காட்டுகிறதோ என்று இரண்டு நாள் பேசினோம். மூன்றாம் நாள்தான் ஸ்கேன் எடுத்தோம். மிச்சமிருந்த வலது சிறுநீரகம் பலூன் போல வீங்கியிருந்தது. சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையில் சேருகிற இடத்தில் இறுகிப்போய் அடைத்திருந்தது.

காசநோய்ப் புண் ஆறும்போது தழும்பாகத்தான் ஆறும். தழும்பு சுருங்கும். தோலில் சுருங்கினால் ஒரு வடு; குறுகலான ஒரு குழாயில் சுருங்கினால் அடைப்பு. மருந்து வேலை செய்கிற அந்த வாரங்களிலேயே, நோயாளி நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். வலி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குக் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியே எடுத்தோம், பாதி மீண்டது. பாதிதான்.

இந்தத் தவறை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நோயைக் கண்டுபிடிக்கத் தவறுவதற்கு நூறு காரணம் சொல்லலாம். கண்டுபிடித்த பிறகு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்காமல் விட்டதற்கு என்ன காரணம் சொல்வது? மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் சில வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் கிரியாட்டினினும் பார்த்தே ஆக வேண்டும். குழாய் விரிவதைப் பார்த்தால் அன்றே சிறுநீரக அறுவை மருத்துவரிடம் பேசி, அடைக்காமல் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாயை வையுங்கள். ‘மருந்து முடியட்டும், பார்க்கலாம்’ என்று சொன்னால் மருந்து முடிவதற்குள் சிறுநீரகம் முடிந்துவிடும்.

தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அதிகாலையில் கழிக்கும் முதல் சிறுநீர் முழுவதையும், அடுத்தடுத்து மூன்றிலிருந்து ஐந்து நாள் வரை, காசநோய்க் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும், அதனால் ஒரு மாதிரி போதாது. மரபணுப் பரிசோதனை சில மணி நேரத்தில் பதில் தரும். பாசிட்டிவ் என்றால் நல்லது, நெகட்டிவ் என்றால் விட்டுவிடக் கூடாது. சாயம் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்: தோலில் குடியிருக்கும் தீங்கில்லாத ஸ்மெக்மாட்டிஸ் என்ற கிருமியும் அதில் காசநோய்க் கிருமி போலவே தெரியும். மருந்திட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ஒரே ஒரு கிண்ணம் கோணலாக இருந்தாலும் அங்கே நின்று பாருங்கள்.

கிருமி வளராத சீழ் எல்லாமே காசநோய் என்றும் நான் சொல்லவில்லை. முந்தின நாள் யாரோ கொடுத்த ஆன்டிபயாடிக், கல், கிளமிடியா, மாத்திரையால் வந்த சிறுநீரக அழற்சி என்று பட்டியல் நீளும். இரண்டாவது முறை அதே ரிப்போர்ட் வரும்போதாவது அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது மருந்தை யோசிக்கக் கூடாது.

ஆய்வகத்தோடு பேசாமல் இருப்பது

கோரினிபாக்டீரியம் யூரியாலிட்டிகம் என்று ஒரு கிருமி. மெதுவாக வளரும், இரண்டு மூன்று நாளாவது வைத்திருக்க வேண்டும். வளர்ந்தாலும் ‘தோலில் இருக்கும் கிருமி, கலப்படம்’ என்று ஒதுக்கப்படும் வாய்ப்பு அதிகம். யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீர் காரமாகி, உள்சுவரெல்லாம் சுண்ணாம்புப் பொருக்கு கட்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள், நீண்ட நாள் ஸ்டென்ட் அல்லது குழாய் வைத்திருப்பவர்கள், பல ஆன்டிபயாடிக் பார்த்தவர்கள், இவர்களைத்தான் பிடிக்கும்.

இப்படிப்பட்டவரின் சிறுநீரில் கார அளவான பி.எச். 8-ஐத் தொட்டு, அம்மோனியா நெடி தூக்கி, கல்ச்சர் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால், ஆய்வகத்துக்கு நீங்களே போன் செய்து, “தட்டைத் தூக்கிப் போடாதீங்க, மூன்று நாள் வைங்க, கோரினி வந்தா பேர் சொல்லுங்க” என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. மாற்றிய சிறுநீரகத்தில் இது பிடித்துக்கொண்டால் சாதாரண மருந்து எதுவும் கேட்காது. வான்கோமைசின் போன்றது வேண்டும், பொருக்கையும் அகற்ற வேண்டும்.

சிறுநீரில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தால் ‘யூரின் இன்ஃபெக்ஷன்’ என்று எழுதுவது

குழாய் எதுவும் வைக்காதவர் என்றால் ரத்தக் கல்ச்சர் எடுங்கள், இதயத்தைக் கேளுங்கள். பல நேரம் அது ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வழியாகக் கீழே வந்தது.

தொற்றைத் தேடாமல் ஸ்டீராய்டு தொடங்குவது

சிறுநீரில் ரத்தம், புரதம், ஏறிக்கொண்டே போகும் கிரியாட்டினின், கூடவே, நம் வெள்ளணுக்களையே தாக்கும் ஆன்டிபாடியான ஆன்கா பாசிட்டிவ். இதைப் பார்த்ததும் ரத்தக்குழாய் அழற்சி என்று முடிவுகட்டி ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் ஏற்றக் கை துடிக்கும். பல நேரம் அது சரியான முடிவுதான், தாமதிக்கவும் கூடாது. ஆனால் இதய வால்வில் மெதுவாக ஊறும் தொற்றும் அச்சு அசலாக இப்படியே வரும். அதிலும் ஆன்கா பாசிட்டிவ் ஆகலாம், பெரும்பாலும் பி.ஆர்.3 வகை.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மூன்று மாதமாக லேசான காய்ச்சல். மண்ணீரல் விரல்நுனிக்குத் தட்டுப்பட்டது. நிரப்புப் புரதமான சி3 குறைந்திருந்தது. ஆன்கா ரிப்போர்ட்டின் பரபரப்பில் இந்த மூன்றையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஸ்டீராய்டு போட்டதும் காய்ச்சல் நின்றது, எல்லோருக்கும் திருப்தி. ஒன்பதாவது நாள் பக்கவாதம். வால்வில் ஒட்டியிருந்த கட்டியின் துணுக்கு மூளைக்குப் போயிருந்தது.

ரத்தக்குழாய் அழற்சியில் சி3 பொதுவாகக் குறையாது. குறைந்திருந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடுவதற்கு முன் மூன்று ரத்தக் கல்ச்சர், இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன். இங்கேயும் கல்ச்சர் ஏமாற்றும் என்பதுதான் கஷ்டம். பார்டோனெல்லா என்ற கிருமி வால்வைப் பிடித்தால் சாதாரண ரத்தக் கல்ச்சரில் கிடைப்பது அரிது. ஆனால் ஆன்காவையும் சிறுநீரக அழற்சியையும் உண்டாக்குவதில் அது பெயர்பெற்றது. வீட்டில் பூனை உண்டா, அது கீறியதா என்று கேட்டு, ஆன்டிபாடி சோதனைக்கு அனுப்புங்கள்.

இதே வரிசையில் இன்னொன்று. வயதான நீரிழிவுக்காரர், காலில் ஆறாத புண், திடீரென்று சிறுநீரில் ரத்தம். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடியின் படிவு தெரியும். ‘ஐ.ஜி.ஏ. நோய்’ என்று ஸ்டீராய்டு கொடுத்துவிடாதீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றினால் வரும் அழற்சியிலும் இதே படிவுதான் இருக்கும். குழந்தைகளுக்குத் தொண்டைப்புண் வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தோ, தோல்புண் வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்தோ சிறுநீரகம் வீங்கும். அதற்குள் கிருமி போயிருக்கும். இந்தப் பெரியவர்களிடம் கிருமி இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது. அந்தப் புண்ணின் கட்டை அவிழ்த்துப் பாருங்கள்.

மாற்றிய சிறுநீரகத்தில் எல்லாமே உடலின் நிராகரிப்பு, அதாவது ரிஜெக்‌ஷன் என்று நினைப்பது

பிகே வைரஸ் 1971-ல், சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் வைரஸின் பெயரானது. நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே வந்து சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கும்போது எழுந்துகொள்ளும்.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கிரியாட்டினின் மட்டும் மெல்ல ஏறும். பயாப்ஸியில் அழற்சிச் செல்கள் நுண்குழாய்களைத் துளைத்துக்கொண்டு நிற்கும். ரிஜெக்‌ஷனிலும் அப்படியேதான் நிற்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ரிஜெக்‌ஷனுக்கு எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும்; பிகே வைரஸுக்கு அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்டீராய்டு ஊசி ஒவ்வொன்றும் வைரஸுக்குத் தீனி.

முதல் மாதங்களில் மாதம் ஒரு முறையும் அப்புறம் இடைவெளி விட்டும் ரத்தத்தில் பிகே அளவைப் பார்த்துக்கொண்டே வந்தால், கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பயாப்ஸி எடுத்தால் இரண்டு துண்டு எடுங்கள், உள்பகுதியும் வர வேண்டும், வைரஸுக்கான தனிச் சாயமும் கேளுங்கள். வைரஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஒரு துண்டில் இல்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

காய்ச்சல், மஞ்சள் காமாலை, சிறுநீரகம்: பொட்டாசியத்தைப் பார்க்காமல் போவது

சிறுநீரகம் திடீரென்று பழுதானால் பொட்டாசியம் ஏறும் என்பதுதான் நாம் படித்த பாடம். எலிக்காய்ச்சலில் அது இறங்கியிருக்கும், அல்லது சாதாரணமாக இருக்கும். சிறுநீரும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். கிருமி முன்பகுதி நுண்குழாய்களைத் தாக்குவதால் அங்கே பிடித்து வைக்க வேண்டிய சோடியம் கீழே ஓடுகிறது, அதற்கு ஈடாகப் பொட்டாசியம் வெளியேறுகிறது. கிரியாட்டினின் 5, பொட்டாசியம் 2.9 என்று ஒரு தாளில் பார்த்தால் ஆய்வகப் பிழை என்று ஒதுக்காதீர்கள். அது பெரிய துப்பு.

கூடவே கண்களைப் பாருங்கள். பீளை இல்லாமல் வெள்ளைவிழி சிவந்திருக்கும். கெண்டைக்காலை லேசாக அமுக்கினால் முகம் சுளிப்பார். பிலிருபின் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், ஈரல் என்சைம்கள் அந்த அளவுக்கு ஏறியிருக்காது. ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் 1886-லேயே காமாலையையும் சிறுநீரகத்தையும் சேர்த்து எழுதிவைத்துவிட்டார். இன்னமும் இரண்டு தனித்தனி டாக்டர்கள் ஈரலையும் சிறுநீரகத்தையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காண்கிறேன்.

ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலும் இதே வேஷத்தில் வரும். அதற்கு ஆடையைக் களைந்து தேட வேண்டும். சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிமடிப்பு, தொப்புள், காதுக்குப் பின்னால் என்று ஒளிந்திருக்கும். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இந்தக் கிருமி செல்லுக்குள் வாழ்வதால் எத்தனை விலை உயர்ந்த செஃபலோஸ்போரின் ஊசியும் அதைத் தொடாது, டாக்ஸிசைக்ளின் போன்றதுதான் கேட்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்தாம் நாள் டயாலிசிஸில் இருந்த ஒருவரின் அக்குளைத் தூக்கிப் பார்த்தது ஒரு செவிலியர். அன்று மாலையே டாக்ஸி தொடங்கினோம், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஐந்து நாளாக எத்தனை டாக்டர்கள் அவரைப் பார்த்திருப்போம்!

பால் போன்ற சிறுநீரைச் சீழ் என்றோ நெஃப்ராட்டிக் (சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடும் நோய்) என்றோ சொல்வது

சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து அசையாமல் வையுங்கள். சீழாக இருந்தால் அடியில் படியும். யானைக்கால் நோய்க் கிருமியால் நிணநீர்க் குழாய் உடைந்து சிறுநீரில் கலந்திருந்தால் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே கொழுப்பு, நடுவில் கட்டி, அடியில் செல்கள். ஈதர் சேர்த்துக் குலுக்கினால் தெளியும். சிறுநீரில் ட்ரைகிளிசரைடு அளந்தால் உறுதியாகிவிடும். புரதமும் அதில் ஏராளமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயாப்ஸி செய்து, ஒன்றும் புரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால் வீங்கவே இல்லை, புரதம் மட்டும் கொட்டுகிறது என்றால் முதலில் அந்தச் சிறுநீரைக் கண்ணால் பாருங்கள். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு கழித்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

பயணத்தைக் கேட்காதது

சிறுநீர் கழித்து முடியும்போது மட்டும் ரத்தம் வந்தால், எந்த ஆற்றில், எந்த ஏரியில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். ஸிஸ்டோசோமா ஹிமட்டோபியம் என்ற புழுவின் முட்டைகளை 1910-ல் எகிப்திய மம்மிகளின் சிறுநீரகத்தில் மார்க் ஆர்மண்ட் ரஃபர் கண்டார். அத்தனை பழைய நோய். ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 2014-ல் பிரான்ஸின் கோர்சிகா தீவில் கேவூ ஆற்றில் குளித்தவர்களிடமும் தெரியவந்தது. முட்டையைத் தேடும் சிறுநீரைக் காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு மணிக்குள் எடுக்க வேண்டும், அப்போதுதான் அதிகம் வெளியேறும். காசநோய்க்கு அதிகாலைச் சிறுநீர், இதற்கு நடுப்பகல் சிறுநீர்.

ரத்தமாகப் போகும் வயிற்றுப்போக்குக்கு உடனே ஆன்டிபயாடிக்

ஷிகா நஞ்சை உண்டாக்கும் ஈ.கோலையாக இருந்தால், சில ஆன்டிபயாடிக்குகள் அந்த நஞ்சை இன்னும் அதிகமாக வெளியேற்றக்கூடும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை நஞ்சைக் குடலுக்குள்ளேயே தேக்கிவைக்கும். பேதி தொடங்கிச் சுமார் ஒரு வாரத்தில், வயிறு சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், தட்டணுக்கள் குறைந்து, சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் நின்றுபோகும். சின்னக் குழந்தைகளின் நோய் என்றுதான் படித்திருப்போம். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளைகளால் பரவிய ஓ104 வகைக் கிருமி 800-க்கும் அதிகமானோரை இப்படித் தாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். மலத்தை நஞ்சுச் சோதனைக்கு அனுப்புங்கள், நீரிழப்பை ஈடுகட்டுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டணுவையும் கிரியாட்டினினையும் பாருங்கள்.

‘குடல் வாயு, சிறுநீரகம் சரியாகத் தெரியவில்லை’ என்ற வரியைத் தாண்டிப் போவது

நீரிழிவு, காய்ச்சல், இடுப்பு வலி உள்ளவருக்கு அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் இந்த வரி இருந்தால், அந்த வாயு சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கலாம். சர்க்கரையைப் புளிக்கவைத்துக் கிருமி உண்டாக்கும் வாயு அது. அன்று இரவே சி.டி. எடுங்கள். தட்டணு குறைவு, மனத்தடுமாற்றம், ரத்த அழுத்த வீழ்ச்சி, ஏறும் கிரியாட்டினின் இருந்தால் மருந்தை மட்டும் நம்பி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. குழாய் விட்டு வடிக்க வேண்டும்.

அடைப்பும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஆன்டிபயாடிக் கேட்கும் என்று காத்திருப்பது

கேட்காது. முதலில் அடைப்பைத் திறந்து வடியுங்கள்.

நீர்க்கட்டிக்குள் யோசிக்காமல் ஊசி விடுவது

உள்ளே குட்டிக் கட்டிகள் தெரிந்தால் நாடாப்புழுக் கட்டியாக இருக்கலாம். ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

பூஞ்சை என்றால் எல்லா மருந்தும் ஒன்றுதான் என்று நினைப்பது

எக்கினோகேண்டின் ஊசிகள் ரத்தத்தில் நன்றாக வேலை செய்யும், சிறுநீருக்குள் மிகக் குறைவாகத்தான் வரும். கேண்டிடா என்ற பூஞ்சை பந்தாகத் திரண்டு சிறுநீரகக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். கிருமி கட்டுப்படுகிற வகை என்றால் ஃப்ளூகோனசோல்தான் சிறுநீரில் தாராளமாகச் சேரும்.

மியூக்கர் பூஞ்சை வேறு கதை. அது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைக்கும். சிறுநீரகம் வீங்கியிருக்கும், சி.டி.யில் மருந்து ஏறாது, கல்ச்சர் எதிலும் ஒன்றும் வராது. எதிர்ப்புச் சக்தியில் எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கும் சிறுநீரகத்தில் மட்டும் இது வந்திருக்கிறது. திசு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதற்கான மருந்தான ஆம்போடெரிசின் தொடங்கும் முன் சலைன் ஏற்றுங்கள், பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் தினமும் பாருங்கள். பூஞ்சையிலிருந்து காப்பாற்றிய சிறுநீரகத்தை மருந்தால் இழக்கக் கூடாது.

மருந்து செய்வதைத் தொற்று செய்வதாக நினைப்பது

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினைச் சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போது, ஓரிரு மாத்திரையிலேயே சிறுநீரகம் திடீரென நின்றுவிடக்கூடும். இடைவெளியில் உடல் அந்த மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி செய்து வைத்திருக்கும். ‘விட்டுவிட்டுச் சாப்பிட்டீர்களா?’ என்ற ஒரு கேள்வியில் விஷயம் வெளிவரும். அதே ரிஃபாம்பிசின், மாற்றுச் சிறுநீரகக்காரரின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைச் சரசரவென்று இறக்கிவிடும். காசநோய் ஆறும்போது சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும். இன்னொரு காசநோய் மருந்தான எத்தாம்பியூட்டால் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, தேங்கினால் கண்ணைக் கெடுக்கும், ஆகவே கிரியாட்டினின் கூடியவரிடம் கண்பார்வையையும் நிறம் பிரித்துப் பார்ப்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ட்ரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாடிக் கிரியாட்டினினைக் கூட்டிக் காட்டும், சிறுநீரகம் கெடாமலே. பொட்டாசியத்தை மட்டும் நிஜமாகவே ஏற்றும்.

ரவுண்ட்ஸில் பார்த்த அந்த நோயாளிக்கு ஐந்தாவது ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. ஐந்து நாள் அதிகாலைச் சிறுநீர் அனுப்பினோம். மரபணுப் பரிசோதனை மூன்றாவது மாதிரியில் பாசிட்டிவ் வந்தது. கல்ச்சர் இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. வலது பக்கச் சிறுநீர்க்குழாய் லேசாக விரிந்திருந்ததால் மருந்து தொடங்கிய வாரமே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நேற்று கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். அடுத்த நான்கு ஸ்கேன் தேதிகளையும் அந்த இளம் மருத்துவரே முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார். முதல் ஸ்கேன் வருகிற வியாழக்கிழமை.